வெள்ளைக் காயை ஆடியது என் மனைவி

என் மனைவியின் அண்ணன் பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் விட்ட பிழை என்று யாரும் சமாளிக்க வர வேண்டாம். தெரிந்து எழுதிய பொய்.

கொழும்பில் அவருடைய சதுரங்கச் சங்கம் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டிருக்கிறது. அதில் தான் தபால் மூலம் ஆடிய ஓர் ஆட்டத்தை அச்சிட்டு, நான்கு பக்கம் விளக்கமும் எழுதியிருக்கிறார். வெள்ளைக் காய் தன்னுடையது என்கிறார். கறுப்பை ஆடியவர் 'வன்னியில் வாழும் ஒரு நண்பர்' என்கிறார். ஆட்டத்தைத் தொடங்கிய விதம் தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்கிறார். தன் பக்கம் ஒரு கோட்டை கூடுதலாக இருந்தும், போருக்குள் கிடந்து கஷ்டப்படும் நண்பர்மேல் இரங்கி ஆட்டத்தைச் சமநிலையில் விட்டதாக எழுதி முடித்திருக்கிறார்.

அவர் ஆடியது கறுப்பு. வெள்ளை ஆடியது அவருடைய கூடப்பிறந்த தங்கை. கோட்டை கூடுதலாக இருந்தது தங்கையிடம். இரக்கம் எந்தப் பக்கத்தில் இருந்தது, எந்தப் பக்கத்தில் இல்லை என்பதை நான் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

நான் ஜெயபுரத்தில் வயல் செய்கிறவன். என் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து காட்டை வெட்டிக் குடியேறினார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அழகாக எழுத வராது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது.

என் மனைவி கொக்கிளாய்க்காரி. கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய தகப்பன் கரைவலை இழுத்தவர். அவர்கள் அங்கிருந்து விரட்டப்பட்டு, முல்லைத்தீவுக் கரையில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அண்ணனை மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க வைத்தார்கள். அவர் படித்து, வவுனியாக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை எடுத்தார். தங்கை எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்க வந்தாள். வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. வேறு விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். வந்தது தடுப்பதற்கு. மாதா கோயில் வாசலில், நான் நிற்கும்போதே அவளிடம் கேட்டார்.

"உனக்கு வேற ஆம்பிளையே கிடைக்கேல்லையோ? போயும் போயும் ஒரு தோட்டக்காட்டான்."

"அண்ணா, அவர் பக்கத்தில நிக்கிறார்."

"நிக்கட்டும். கேக்கட்டும். இண்டையோட முடிஞ்சுது. இனி உனக்கு ஒரு சொல்லு எழுதமாட்டன். நீயும் எனக்கு எழுதாத."

அவர் சொன்னதைச் செய்கிற ஆள். எழுதவில்லை. தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். தாயும் இல்லை. அவளுக்கு உலகத்தில் இரத்த உறவு என்று இருந்தது அந்த ஒருவர்தான். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலே போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் நான் வயலால் வந்து பார்க்கிறேன், அவள் குசினி வாசலில் இருந்து ஒரு தபாலட்டையில் அடிமட்டம் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னா புள்ள இது, தாயம் விளையாடப் போறியா?"

"இது செஸ். அண்ணாவுக்கு."

"அந்த ஆளுதான் எழுதாதேன்னாரே."

"சொல்லு எழுத வேண்டாம் எண்டுதான் சொன்னவர். இலக்கம் எழுத வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

கட்டங்களுக்குக் கீழே நாலு இலக்கம் எழுதினாள்: 1214. எனக்கு விளக்கமும் சொன்னாள். பலகையை இடமிருந்து வலமாக எட்டு நிரலாகவும் கீழிருந்து மேலாக எட்டு வரிசையாகவும் எண்ண வேண்டும். முதலாம் நிரல் இரண்டாம் வரிசையில் இருக்கிற சிப்பாய், முதலாம் நிரல் நாலாம் வரிசைக்குப் போகிறது. அவ்வளவுதான். இந்த முறையை அண்ணன்தான் பள்ளிக்கூடத்தில் கற்று வந்து அவளுக்கும் தகப்பனுக்கும் சொல்லிக் கொடுத்தவராம். பலகையின் படம் எதற்கு என்று கேட்டேன். வெறும் இலக்கத்தைக் கண்டால் காவலில் நிற்கிறவன் வேறு ஏதாவது நினைப்பான், அதற்காக என்றாள். போரிடுகிற இரண்டு பக்கத்துக் காவலையும் தாண்டித்தானே கடிதம் போக வேண்டும்.

மாதம் தாண்டி மறுமொழி வந்தது. அட்டையில் நாலு இலக்கம். ஒரு சொல் இல்லை, பெயர்கூட இல்லை. அவள் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு இரண்டு முறை உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

இப்போது அந்தத் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலரில் அதற்குத்தான் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டிருக்கிறார்.

முதல் நகர்வில் இடது கரைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். அடுத்ததில் வலது கரைச் சிப்பாயை. 8284. நடுவில் ஒன்றையும் தொடவில்லை. புத்தகம் பார்த்து ஆடுகிறவர்கள் இதைக் கண்டால் சிரிப்பார்கள், நடுவைப் பிடிக்காமல் கரையைப் பிடிப்பது முட்டாள் வேலை என்பார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இது அவர்களுடைய தகப்பன் தொடங்குகிற விதம். கரைவலைக்காரனுக்கு இரண்டு கயிறுதான் கணக்கு. ஒரு கயிற்றைக் கரையில் கொடுத்துவிட்டு, வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, மற்றக் கயிற்றோடு கரைக்கு வர வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்க வேண்டும். அவர் செஸ்ஸையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார். இரண்டு கரைச் சிப்பாயும் இரண்டு கயிறு. பின்னால் கோட்டைகள் ஓரத்தால் ஏறி நடுவுக்குத் திரும்பும். எல்லாம் மெல்ல மெல்லத்தான் நெருக்கும். தகப்பனோடு ஆடி ஆடி அந்த வலையில் அகப்பட்டவர்கள் இந்த இரண்டு பிள்ளைகளும். அதில் ஒருவர் இன்றைக்கு அதைத் தான் கண்டுபிடித்ததாக எழுதுகிறார்.

தபாலட்டை என்றால் திறந்த கடிதம். எங்கள் ஊரில் அதை முதலில் வாசிப்பவர் தபால்காரர். அவர் கூச்சமில்லாமல் வாசிப்பார், வாசித்ததை மறைக்கவும் மாட்டார். உப தபாலகத்தின் பின்பக்கத்தில் ஒரு பலகையில் கரியால் கட்டம் போட்டு, சோடா மூடிகளையும் புளியங்கொட்டைகளையும் காய்களாக வைத்து, அவரும் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். தபால் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அட்டை எங்கள் வீட்டுக்கு வரும் முன்பே அண்ணன் என்ன ஆடியிருக்கிறார் என்பது கூட்டுறவுச் சங்கக்கடை வரைக்கும் தெரிந்துவிடும்.

"தங்கச்சி, கொண்ணர் குதிரையை எடுத்திட்டார்," என்று சைக்கிளில் இருந்து இறங்காமலே சொல்லுவார்.

"அண்ணை, அட்டையைத் தந்திட்டுச் சொல்லுங்கோவன்."

"தந்தென்ன, தராட்டியென்ன. உங்கட வலது பக்கம் ஓட்டையா கிடக்கு. கவனம்."

"அது ஓட்டை இல்லை. வலை வாய்."

"ஓகோ. அப்ப மீன் வரும் எண்டுறியள்."

"வரும்."

என்னைப் பார்த்து, "மச்சான், உன்ரை மனிசியோட சண்டை பிடிச்சிடாத," என்பார். என்னை மச்சான் என்று கூப்பிட்டது அவர்தான். கூப்பிட வேண்டியவர் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வெள்ளை யார் கறுப்பு யார் என்பது எங்கள் வீட்டு இரகசியம் இல்லை. ஊர் முழுக்கப் பார்த்த ஆட்டம் அது. ஜெயபுரத்தில் தபால் எடுத்த யாரையும் பிடித்துக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்து, சனம் எங்கள் பக்கம் வந்து குவிந்தது. எங்கள் வளவுக்குள்ளேயே மூன்று குடும்பம் இருந்தது. வவுனியா வீதி அடைபட்டது. தபால் மன்னார்ப் பக்கத்தால் சுற்றி வரத் தொடங்கியது. அட்டை கிடைக்காமல் போனபோது பழைய கொப்பி மட்டையை வெட்டிக் கோடு போட்டாள். ஒரு நகர்வுக்கு இரண்டு மாதம், சில வேளை அதற்கும் மேலே. நான் ஏசியிருக்கிறேன். சீனி வாங்க வழியில்லை, முத்திரை ஒட்டிக் குதிரையை ஓட்டுகிறாய் என்று. அவள் அடுத்த அட்டைக்குக் கோடு போடுவாள். இவ்வளவுக்குள்ளும் மறுமொழி வந்துகொண்டே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் ஒரு அட்டையும் தவறவிடவில்லை.

வலை நெருக்கியது. அவருடைய கோட்டை ஒன்று மூலையில் அகப்பட்டது. அவள் அதை வெட்டிய அட்டை போன அன்று தபால்காரர் கறுப்புக் கோட்டையாக வைத்த புளியங்கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். எனக்கும் அந்த நேரம் ஆட்டம் ஓரளவு விளங்கத் தொடங்கியிருந்தது.

"இனி என்னா, சும்மா அடிச்சு முடிச்சிறலாம்ல?" என்று கேட்டேன்.

"முடிக்கலாம்," என்றாள். "முடிச்சாப் பிறகு அவர் எனக்கு என்னத்தை எழுதுவார்?"

அவள் அவசரப்படாமல் ஆடினாள்.

அந்த வருஷ மாரி மழைக்குப் பிறகு அவளுக்கு மலேரியா பிடித்தது. அந்தக் காலத்தில் வன்னியில் மலேரியா வராத வீடு இல்லை. இவளுக்கு வந்தது தலைக்கு ஏறுகிற வகை. டிராக்டர் பெட்டியில் கிடத்தி மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டில் இல்லை, நிலத்தில் பாய். மருந்து வர வேண்டும், மருந்து வர வேண்டும் என்றார்கள். காய்ச்சலில் கொக்கிளாயில் இருப்பதுபோலக் கதைத்தாள். கொஞ்சம் தெளிந்த ஒரு நேரத்தில் கேட்டாள்.

"அண்ணாவின்ர அட்டை வந்ததோ?"

"வந்து கெடக்கு. நீ மொதல்ல எந்திரி."

"என்னாலே யோசிக்க ஏலாது. நீங்கள் எழுதுங்கோ. முன்னால நிக்கிற குதிரையை வீட்டுக்குத் திருப்புங்கோ. 6371. அடுத்த தரம் திரும்ப முன்னால. 7163. நான் எழும்பும் மட்டும் அதையே மாறி மாறி எழுதுங்கோ."

"அது என்னா ஆட்டம்?"

"வலை காயுது எண்டு அர்த்தம். அண்ணாவுக்கு விளங்கும்."

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. தகப்பன் பிள்ளைகளோடு ஆடிக்கொண்டிருக்கும்போது கரையில் இருந்து வலை இழுக்கக் கூப்பிடுவார்கள். போகாமல் இருக்க முடியாது. அப்போது அவர் தன் குதிரையை வந்த வழியே வீட்டுக்குத் திருப்பி வைத்து, "வலை காயுது," என்று சொல்லிவிட்டு எழும்புவார். அதற்குப் பிறகு எதிரில் இருக்கிறவரும் முன்னேறக் கூடாது. ஒரு காயை எடுத்து அங்கே ஒன்று இங்கே ஒன்று வைக்கலாம், அவ்வளவுதான். போனவர் திரும்பி வந்து உட்காரும்வரை வெற்றி தோல்வி இல்லை. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சட்டம் இல்லை. அந்த வீட்டில் இருந்தது. அண்ணனும் அதற்குள் வளர்ந்தவர்தான்.

நான் எழுதினேன். அடிமட்டம் பிடித்துப் பழக்கமில்லாத கை. கட்டங்கள் கோணலாக வந்தன, இலக்கம் கொழுத்துப்போய் இருந்தது. இவ்வளவு காலமும் பாலர் பாடசாலை ஆசிரியையின் எழுத்தைப் பார்த்த மனிதர் அந்த அட்டையைக் கண்டவுடனே வேறு யாரோ எழுதியது என்று அறிந்திருப்பார். குருடனுக்குத்தான் தெரியாமல் போகும்.

மறுமொழி வந்தது. 1828. மூலையில் இருந்த தன் மிச்சக் கோட்டையை ஒரு கட்டம் தள்ளியிருந்தார். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து அவள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள்; நான் அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த குதிரையை எழுதி அனுப்பினேன். அதற்கு 2818 வந்தது. கோட்டை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

அவள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"பாத்தீங்களோ. அவருக்கு விளங்கியிட்டுது. தானும் மாறி மாறி வைக்கிறார். பொறுத்திருக்கிறன் எண்டு சொல்லுறார்."

நானும் நம்பினேன். அந்த மனிதரைப் பற்றி முதல் தடவையாக நல்லதாக ஒன்று நினைத்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மருந்தில் ஒரு பக்கக் காது மந்தமாகிவிட்டது, இன்றைக்கும் அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் கேட்காது. மூன்றாவது அட்டையும் நாலாவது அட்டையும் நானே எழுதினேன். குதிரை போனது, வந்தது. நாலாவதற்கு மறுமொழி வந்தபோது அவள் முற்றத்தில் வெயிலுக்குக் கதிரை போட்டு இருந்தாள். தபால்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தினார். வழக்கமாகத் தூரத்திலேயே சொல்லிக்கொண்டு வருகிற ஆள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன அண்ணை, வாய் அடைச்சுப் போச்சோ?"

"நீங்களே பாருங்கோ, தங்கச்சி. எனக்கு உதில விளக்கமில்லை."

அட்டையில் 2818 என்று இருந்தது. அதற்குக் கீழே, கல்யாண நாளுக்குப் பிறகு அவர் தன் தங்கைக்கு எழுதிய முதல் சொற்கள் இருந்தன. 'ஒரே நிலை மூன்றாம் தரம். விதிப்படி சமநிலை.' கீழே தன் கையெழுத்தையும் முழுதாக வைத்திருந்தார், கச்சேரிக் கடிதத்துக்கு வைப்பதுபோல.

ஒரே நிலை மூன்று தரம் வந்தால் ஆட்டத்தைச் சமநிலை என்று கேட்டுவாங்கலாம் என்று புத்தகத்தில் சட்டம் இருக்கிறதாம். தபால்காரர் பிறகு யாரிடமோ விசாரித்து வந்து சொன்னார். சட்டம் சரிதான். தோற்றுக்கொண்டிருந்த ஆளுக்கு அது நல்ல சட்டம். தங்கை பொறு என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு தரமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் அட்டையை மடியில் வைத்தாள். பிறகு, "எழுதமாட்டன் எண்டவர், எழுதிட்டார் தானே," என்றாள். சிரித்ததுபோலத்தான் இருந்தது.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவள் புது அட்டைக்குத் தன் கையால் நேராகக் கோடு போட்டு, 1214 என்று எழுதி அனுப்பினாள். புது ஆட்டம். மறுமொழி இல்லை. வழியில் தவறியிருக்கும் என்று இன்னொன்று அனுப்பினாள். பிறகு இன்னொன்று. அண்ணன் வேலை மாறிக் கொழும்புக்குப் போய்விட்டார் என்று ஒரு லொறிக்காரர் மூலம் அறிந்து, அந்த விலாசத்துக்கும் அனுப்பினாள். ஒன்றும் வரவில்லை. தபால்காரர் எங்கள் படலையைத் தாண்டும்போது மணி அடிப்பதை விட்டுவிட்டார். பளைப் பக்கத்துச் சனம் எங்கள் ஊருக்கு இடம்பெயர்ந்து வந்த காலத்தில் உப தபாலகத்துப் பின்பக்கத்திலும் ஆட்கள் தங்கினார்கள். அந்தக் கரிப் பலகை யாருடையதோ கொட்டிலுக்குக் கதவாகப் போனது.

இந்த வருஷம் பள்ளிக்கூட நூலகத்துக்கு வவுனியாவில் இருந்து நிவாரண லொறியில் வந்த புத்தகக் கட்டுக்குள் அந்த மலர் இருந்தது. தபால்காரர்தான் கண்டு எடுத்து வந்தார். அவளுக்கு முன்னால் விரித்து வைத்தார். அவள் இலக்கங்களின் மேலே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். 1214. 8284. கடைசிவரை எல்லாம் சரியாக அச்சிட்டிருந்தது. தலைப்பில் ஆட்களை மட்டும் இடம் மாற்றியிருந்தார். அப்படி மாற்றியதும் தகப்பனின் தொடக்கம் அவருடையதாகிவிட்டது. கூடுதல் கோட்டையும் அவருடையதாகிவிட்டது. எண்ணிப் பிடித்த சமநிலை இரக்கமாகிவிட்டது.

ஒன்றை மறந்துவிட்டார். மலரிலேயே ஆட்டம் கறுப்பின் நகர்வோடுதான் முடிகிறது. 2818. இனி ஆட வேண்டியது வெள்ளை. இரங்கி ஆட்டத்தை விட்டது வெள்ளை என்றால், தன் நகர்வோடு அதை எழுதியிருக்க வேண்டும். அப்படி ஒரு நகர்வு அந்தப் பக்கத்தில் இல்லை. கடைசிக் காயை நகர்த்திச் சமநிலை கேட்டவர் யாரோ அவர்தான் கறுப்பு. செஸ் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தை எடுத்து நீங்களே பாருங்கள்.

"என்னை நண்பர் எண்டு எழுதியிருக்கிறார்," என்றாள் மனைவி.

"உந்த ஆளுக்கு ஒரு அட்டை போடுங்கோ, தங்கச்சி," என்றார் தபால்காரர். "நான் முத்திரை வாங்கித் தாறன்."

"வேண்டாம், அண்ணை. வெள்ளையை எடுத்தால் எடுக்கட்டும். அப்பாவின்ர வலையையும் எடுத்திட்டார். அதுதான்." மலரை மூடி வைத்து, "தங்கச்சி எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டாள்.

அவள் கேட்டது அந்த ஒரு சொல். எனக்கு அது போதாது. நான் இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "எழுதிறதெண்டா எழுதுங்கோ, ஏச வேண்டாம்," என்றாள். என்னால் முடிந்தவரை அடக்கித்தான் எழுதியிருக்கிறேன்.

கொழும்புக்குப் பாதை இல்லை, நேரே வந்து கேட்க முடியாது. ஆகவே இங்கேயே கேட்கிறேன், மச்சான். நீங்கள் விடாவிட்டாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கோணல் கோடு போட்ட அந்த நாலு அட்டையைக் கண்டபோது, உங்கள் தங்கைக்கு என்ன நடந்தது என்று நினைத்தீர்கள்? குதிரை வீட்டுக்குத் திரும்பியபோது உங்கள் தகப்பனின் குரல் காதில் கேட்டதா, இல்லையா? கேட்டது என்றால் எதற்கு எண்ணினீர்கள்? பிறகு அவளுடைய சொந்த எழுத்திலேயே வந்த அட்டைகளை எங்கே போட்டீர்கள்?

எனக்கு உறைக்குள் கடிதம் வேண்டாம். உங்கள் சங்கத்தின் அடுத்த மலரில், அதே அளவு எழுத்தில், எல்லோரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள். வெள்ளை ஆடியது யார், அவர் உங்களுக்கு என்ன முறை என்பதை இலக்கத்தில் அல்ல, சொல்லில் எழுதுங்கள்.